துரைக்குத் தைத்த சட்டை

அன்பு மருமகளுக்கு,

உன் அத்தை எழுதிக்கொள்வது. நானும் மாமாவும் நலம். துரையும் நலம். இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கடைசி வரியை மறந்துவிடாதே.

முந்தாநாள் போனில் நீ கேட்டபோது, வெடியெல்லாம் ஓய்ந்துவிட்டது, துரை தூங்குகிறான் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் முழுக் கதையும் இல்லை. "நாய்தான் வந்துடுச்சே, அவகிட்ட எதுக்குச் சொல்ற? அங்க உக்காந்து பதறுவா" என்று மாமா தடுத்தார். போனில் சொன்னால் அழுது தொலைப்பேன் என்றுதான் கடிதம்.

வெடிக்குப் பயப்படுகிற துரையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன தாளைத் தையல் மெஷினுக்கு மேலே ஒட்டிவைத்து, வரிக்கு வரி செய்தேன். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பே மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையைக் காலி செய்து, உன் பழைய போர்வையை விரித்தேன். ஜன்னலுக்கு இரட்டைத் திரை போட்டேன். பண்டிகையன்று அவனை வெளியே கூட்டிப்போகிற வேலையை மத்தியானமே முடித்தாயிற்று. வெடிச்சத்தம் கேட்காமலிருக்க மாமா ரேடியோவில் செய்தி வைத்தார். அதைக் கேட்டால் மனுஷனுக்கே நடுக்கம் வரும், பாட்டு வையுங்கள் என்று சத்தம் போட்டேன்.

அந்தச் சட்டைக்கு வருகிறேன். உடம்பை இதமாக இறுக்கிப் பிடிக்கிற சட்டை போட்டால் சில நாய்களுக்குப் பயம் குறையும், கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷமாகத் தைக்கிறவள் வீட்டில் கடைச் சட்டையா? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கழுத்து, நெஞ்சு, வயிறு என்று அளவெடுத்தேன். அவனும் புது மாப்பிள்ளை மாதிரி நின்றான். நீலத் துணியில் தைத்து, முதுகில் நம் போன் நம்பரையும் வெள்ளை நூலால் தைத்தேன். நம்பர்தான் சட்டையிலேயே இருக்கிறதே என்று கழுத்துப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தைத்துத் தைத்து, வளர்கிற பிள்ளை என்று இரண்டு விரல் தளர்வு விடுவது என் கைக்குப் பழகிப்போனது. ஆறு வயசு நாய் இனி எங்கே வளரப் போகிறது? கை கேட்கவில்லை, விட்டுவிட்டது.

இருட்டிய பிறகுதானே வெடி என்று அவனை அறைக்குள் விடாமல் என் காலடியில் படுக்க வைத்திருந்தேன். நாலரை மணிக்கே எவனோ ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டான். அந்த நேரம் பார்த்துத் தைத்த துணியை வாங்கப் பக்கத்துத் தெரு டீச்சர் வந்து கதவைத் திறந்தார். துரை பாய்ந்தான். நான் எட்டிச் சட்டையைப் பிடித்தேன். சட்டை என் கையோடு வந்துவிட்டது, நாய் தெருவுக்குப் போய்விட்டது.

நம்பர் என் கையில், அவன் கழுத்தில் ஒன்றுமே இல்லை. செருப்புக்கூடப் போடாமல், இஞ்ச் டேப் தோளில் தொங்க, மூன்று தெரு ஓடினேன். மாமா சைக்கிளில் எதிர்ப்பக்கம் போனார். எந்த வண்டிக்கு முன்னால் போய் விழுந்தானோ, உன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று புலம்பிக்கொண்டே ஓடினேன்.

தெருமுனைச் சலவைக்கடை அம்மாதான் வாசலில் நின்று கையாட்டினாள். "உங்க ஆளு எங்க பெரிய மெஷின் பின்னாடி புகுந்துட்டான்மா. கடிக்கல கிடிக்கல, பாவம், நடுங்கிட்டுக் கிடக்கான்" என்றாள். உள்ளே நாலு மெஷினும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன. அந்த இரைச்சலில் வெடிச்சத்தம் பாதி அமுங்கிப்போயிற்று. சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தான் உன் துரை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஈரத் தரையில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அவனைப் பிடித்து இழுக்கவில்லை. நீ எழுதியிருந்தபடி பக்கத்தில் சும்மா இருந்தேன்.

துணியெல்லாம் தீர்ந்த பிறகும் அந்தப் புண்ணியவதி எனக்காக மெஷினை வெறுமனே ஓட விட்டாள். எட்டரைக்கு வெடி ஓய்ந்ததும் அவனாகவே வந்து என் மடியில் தலை வைத்தான். மாமா வீட்டிலிருந்து பட்டையை எடுத்துவந்து மாட்டி, கயிறு கட்டி அழைத்துவந்தார். வீட்டுக்கு வந்து ஒரு தட்டுச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டுக் குறட்டை விட்டான். மாமாவின் குறட்டைக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் இவன் இரண்டு நாள் காணாமல் போனபோது, வாசல் தாழ்ப்பாள் கெட்டுப்போயிருந்தது என்றேன் அல்லவா? தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. போடாமல் விட்டது நான்தான். நீயும் அதைக் கண்டுபிடித்திருப்பாய். இரண்டு மாதம் என்னோடு நீ சரியாகப் பேசவில்லையே.

நேற்றுக் காலை கால்நடை டாக்டரிடம் காட்டினோம். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சட்டை, பட்டை எது கழன்றாலும் கவலையில்லை என்று தோலுக்கடியில் கருவியை வைத்துப் பார்த்தால் நம் விவரம் காட்டுகிற, அரிசி அளவு சிப் ஒன்றை வைத்தார். யார் பெயரில் பதிய வேண்டும் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். படிவத்தின் அடுத்த கட்டத்தில், நாய் கிடைத்தால் இரண்டாவதாக யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டிருந்தது. என் பெயரை எழுதப் பேனாவை எடுத்துவிட்டு, எழுதாமல் வைத்துவிட்டேன். மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

நீயும் என் மகனும் போன இடத்தில் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இதையெல்லாம் படித்த பிறகும் அதில் என் பெயரைப் போடலாம் என்று உனக்குத் தோன்றினால் ஒரு வரி எழுது. தோன்றாவிட்டால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே, அம்மா.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அத்தை