ஒரு டின் பெட்ரோலும் இரண்டு எண்ணூரும்

தோஸ்து,

துறைமுகத்தில் நங்கூரம் போட்டிருக்கும் அத்தனை கப்பல்களும் சாட்சியாகச் சொல்கிறேன்: இப்போது நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. முதலில் நம்பாதவன் நீயாகத்தான் இருப்பாய். ஏனென்றால் நீ கூடவே இருந்தாய்.

இன்று காலை கிடங்கு வாசலில் புது லாரிக்கு ஊற்ற யாரோ பெட்ரோல் டின்னைத் திறந்தார்கள். அந்த வாசனை ஏறியதும், நீ போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது என்பதை என் மூக்கு மறந்துவிட்டது. "இன்னா மாமு, பராக்குப் பாத்துகினு நிக்கிற? டின்னை மூடு, பாதி ஆவியாப் பூடும்" என்று உன் குரல் கேட்குமென்று திரும்பிக்கூடப் பார்த்தேன்.

நீ அரிசிக் கிடங்கு முதலாளியின் மோட்டார் டிரைவர். நான் அதே கிடங்கில் மூட்டைகளுக்கு நீலச் சாயத்தில் குறி போடுகிறவன். என் பதவிக்கு நானே 'முத்திரை மந்திரி' என்று பெயர் வைத்திருந்தேன். அதைச் சிரிக்காமல் கேட்டவன் ராயபுரத்திலேயே நீ ஒருவன்தான். சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொள்வாய் என்பது வேறு விஷயம்.

அந்த மோட்டாரைப் பற்றி என்ன சொல்ல! அதன் ஹாரனை அமுக்கினால் கடலில் கப்பல்கள் ஒதுங்கி வழிவிடும். ஒரு டின் பெட்ரோல் ஊற்றினால் முதலாளியின் கடலோர பங்களாவுக்கு, அதாவது எண்ணூருக்கு, இரண்டு தடவை போய்த் திரும்பும். மைல் கணக்கு உனக்குப் பிடிக்காது. "ஒரு டின்னு, ரெண்டு எண்ணூரு" என்பாய். அவ்வளவுதான் உன் கணக்கு.

ஒரு புரட்டாசிக் கடைசியில் அந்தக் கணக்கு இடிந்து விழுந்தது. இரண்டாம் சவாரியில் மோட்டார் எண்ணூரைப் பார்க்காமலே திருவொற்றியூரில் நின்றுவிட்டது. மறுநாளும் அதே இடம். பின்னாலிருந்து வந்த புகையைப் பார்த்து, தரையில் ஒரு கப்பல் வருகிறதென்று கலங்கரை விளக்கக்காரர் பட்டப்பகலில் விளக்கேற்றினார். முதலாளி உன்னை வாசலில் நிற்கவைத்துக் கேட்டார்: "மோட்டாரு குடிக்குதா, நீ எடுத்து விக்கிறியா?"

கிடங்கே கேட்டுக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமைக்குள்ள பழையபடி ரெண்டு தபா போய் வரணும். இல்லாங்காட்டி தொப்பியையும் ஹேண்டிலையும் வெச்சுட்டுப் போய்க்கினே இரு."

சுற்றிக் கிளப்புகிற அந்த இரும்பு ஹேண்டிலை நீ தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாய். அன்று அதைக் கையில் வைத்துக்கொண்டு சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய். "வேலை போனாப் போவுது மாமு. திருடன்னு பேரோட போனா மதராஸ்ல எந்த மோட்டாரைத் தொட வுடுவான்?" என்றாய்.

அப்போது தொடங்கியது நம் மகா ஆராய்ச்சி. சக்கரத்தில் காற்று குறைந்திருக்குமோ என்று பம்பு அடித்தோம். நான் அடித்த அடியில் மோட்டார் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி, நீ ஏறி உட்கார்ந்த பிறகுதான் இறங்கியது. பிரேக் உரசுகிறதோ என்று ஒவ்வொரு சக்கரமாகக் கட்டைமேல் தூக்கிச் சுற்றினோம். கடைசிச் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எங்காவது ஒழுகுகிறதோ என்று என் வெள்ளை வேட்டியை அடியில் விரித்தோம்; ஒரு சொட்டு இல்லை. முதலாளியின் எடைதான் காரணம் என்பது என் கட்சி. "அத்த அவராண்ட நீ போய்ச் சொல்லு" என்றாய். என் கட்சி அங்கேயே கலைந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ பெட்ரோலுக்குப் பொறி வைக்கிற பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்தாய். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மோந்து பார்த்தாய். முகம் மாறியது.

"பெட்ரோலு எரியாமப் போய்கினு கீது மாமு. காத்து பத்தல. வண்டிக்கு மூச்சு முட்டுது!"

இன்ஜின் மூடியைத் தூக்கி, பெட்ரோலும் காற்றும் கலக்கிற பித்தளைக் குடுவைக்குள் தலையை விட்டாய். காற்று நுழையும் வாயில் ஒரு கம்பி வலை. அந்த வலைமேல், பத்து நாள் முந்தைய ஆயுத பூஜையின் சந்தனம், மூன்று பட்டையாக, நடுவில் குங்குமப் பொட்டோடு, காய்ந்து ஓடாகிக் கிடந்தது. நெற்றி என்று நினைத்து யாரோ மோட்டாரின் மூக்கை அடைத்திருக்கிறார்கள்!

யார் வைத்தது என்பதற்கு நான் ஊரில் மூன்று கதை சொல்லி வருகிறேன். ஒன்றில் அம்மனே நேரில் வந்தாள். இன்னொன்றில் ஒரு கடற்கன்னி. மூன்றாவதில் வருகிற திமிங்கிலத்தைப் பற்றி இங்கே வேண்டாம்.

நீ அவசரமாகத் தொப்பியைக் கழற்றி அந்தச் சந்தனத்தைத் தேய்த்துத் துடைத்தாய். துடைத்து முடிக்கவும் முதலாளி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கீழே உதிர்ந்து கிடந்த சந்தனத் தூளைப் பார்த்தார்.

"எந்த மடையன் வெச்சது?"

"நான்தான் மொதலாளி."

"கழுத்துல சிலுவை தொங்குது, நீ சந்தனம் வெச்சியா?"

"எனக்கு மாதா கீது மொதலாளி. பாவம், அதுக்கு யாரு கீது?"

முதலாளி சிரித்த சிரிப்பில் கூரை ஓட்டில் உட்கார்ந்திருந்த காக்கைகள் பழவேற்காடு வரை பறந்தன. நான் மட்டும் சாய டப்பாவைத் தேடிக் கிடங்குக்குள் போனேன்.

சனிக்கிழமை ஒரே டின். முதல் எண்ணூர். இரண்டாம் எண்ணூர். திரும்பும்போது தண்டையார்பேட்டை டோல்கேட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். ஒரு லட்சம் பேர் இருக்கும், குறைத்துச் சொல்கிறேன். நீ ஹாரனை அமுக்கியபடியே வந்து, வண்டியை நிறுத்தி, ஹேண்டிலை என் மடியில் போட்டு, காதோரம் சொன்னாய்: "மூச்சு வுட்ற எடத்துல கை வெக்காத மாமு." இதைப் பற்றி வேறு ஒரு வார்த்தை, அன்றும் சரி, பிறகும் சரி, நீ சொன்னதில்லை.

இன்று மறுபடியும் ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தை என்னிடம்தான் கொடுத்தார்கள். லாரியின் விளக்குக்கு வைத்தேன், சக்கரங்களுக்கு வைத்தேன், ஹேண்டிலுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். மூடியைத் திறந்து அந்தக் காற்று வாயருகே போனதும் கை தானாகப் பின்வாங்கியது. அங்கே வெறுமனே ஒரு கும்பிடு போட்டேன்.

கப்பல் பொய், காக்கை பொய், டோல்கேட்டில் நின்றது ஏழு பேர். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், தோஸ்து. அந்த மூன்று பட்டையும் என் கட்டைவிரல் போட்டவை. ஓரத்தில் மூட்டைச் சாயத்தின் நீலம் ஒட்டியிருந்தது. முதலாளி பார்ப்பதற்குள் நீ துடைத்துவிட்டாய். உன் வீட்டில் கேட்டு வாங்கிய தொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. உள் மடிப்பில் அந்த நீலம் இன்னும் போகவில்லை.