ஆட்டுத்தோல் நாற்பது அடி

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து தூறல். தோல் அளக்கும் மெஷினில் ஜபீன் நுழைக்கிறாள், நான் தோலை எடுத்து அதன் பின்பக்கம் அளவு எழுதுகிறேன். ஐந்து, ஐந்தரை, திடீரென்று நாற்பது சதுர அடி.
"ஆடா, யானைக்குட்டியாடி?"
ஜபீன் சிரிக்கவில்லை. மேனேஜர் வந்தார். "ஏழெட்டுத் தோலைச் சேர்த்து விட்டியா? வாங்குறவன் சும்மா இருப்பானா?"
"இல்ல சார்."
எனக்கும் கொஞ்சம் சந்தேகம். அவள் கை வேகம் ஜாஸ்தி.

நவ. 11, செவ்வாய்
ஈரம். முழங்கால் வலி. மறுபடி நாற்பது. "கூப்பிடறப்ப வந்தா போதும்" என்று மேனேஜர் ஜபீனை அனுப்பிவிட்டார். அவள் வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்தி.
"நீயும் நம்பறியாக்கா?"
அவள் குடையை எடுத்துக் கொடுத்தேன்.

நவ. 12, புதன்
இன்று நுழைத்தது நான். ஒவ்வொன்றாக, விரித்து. நாற்பத்திரண்டு! மேனேஜர் பார்வை இப்போது என் மேல்.
"என் இடுப்பையே தூக்க முடியல சார், இதுல ஏழெட்டுத் தோலைச் சேர்த்தா தூக்குவேன்?"
கம்ப்யூட்டர்காரர் தினேஷ் சத்துவாச்சாரியிலிருந்து வந்தார். மெஷின் கணக்கைப் பார்க்கும் கம்ப்யூட்டரில் போன வாரம் புது மெமரி ஏற்றியவர் இவர்தான். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஏன்? டீயோடு பின்னாலேயே நின்றேன்.

நவ. 13, வியாழன்
தினேஷ் மறுபடி. ஃபேன் ஓடியும் வேர்வை.
"இன்னா மாப்ள, பொண்ணு பாக்க வந்த மாதிரி முழிக்கிற?"
மெல்லச் சொன்னார். பெரிய கம்ப்யூட்டருக்குள்ளே வெறும் புரோகிராமாக இன்னொரு கம்ப்யூட்டர். தோல் கணக்கு அதில்தான். புது மெமரி எந்த இடத்தில் ஆரம்பித்து எங்கே முடியணும் என்று கையால் எழுதினாராம். பழையது முடியும் முன்பே புதுசு ஆரம்பித்துவிட்டது.
"ஒரே பாய்ல ரெண்டு பேரா?"
"ஆமாக்கா. ஒண்ணு எழுதினதை இன்னொண்ணு அழிக்குது, அதான் அளவு குளறுது."
"கம்ப்யூட்டர் கிளம்பறப்பவே இதைப் பாக்காதா?"
"பாக்கும். அவசரத்துல அந்தச் சோதனையை நான்தான் நிறுத்தி வச்சேன்."
இடத்தைத் திருத்தி, சோதனையைப் போட்டார். வேண்டுமென்றே தப்பு இடம் கொடுத்தார். கம்ப்யூட்டர் கிளம்பவே மாட்டேன் என்றது. சரியானதைக் கொடுத்தார், கிளம்பியது. தோல் விட்டேன். ஐந்தே கால்.
மேனேஜர் வந்தார். "இன்னா பிரச்சனை?"
"காத்துல ஈரம் சார்" என்றார் தினேஷ்.
டம்ளரைக் கீழே வைத்தேன். "மீதியையும் சொல்லு மாப்ள. இல்லன்னா நான் சொல்றேன், என் இங்கிலீஷ்ல."
சொன்னார்.
"ஜபீனை நாளைக்கு வரச் சொல்லும்மா" என்றார் மேனேஜர்.
"அனுப்பினது நீங்க. நீங்களே கூப்பிடுங்க சார்."
போன் அடித்தார். எடுக்கவில்லை. திரும்ப அடித்தார், ஸ்பீக்கரில். இவர் வாய் திறக்கும் முன் அவள்:
"சொல்லுங்க சார். இன்னிக்கு வூட்ல இருந்தே எத்தினி தோல் சேர்த்து விட்டேன்?"