தார் பூசிய கூரைக் கதவுகள்

ஸ்ஃபாக்ஸ், ஜூன் 9

அன்பு மகன் ஹைதமுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ லியோனில் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் சளி இல்லாமல் இருக்க துஆ செய்கிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, கோபம்தான் குறையவில்லை, மீன் சந்தையில் தினம் ஒருவரோடு சண்டை. போனில் சொன்னால் நீ சரி உம்மா, சரி உம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், உட்கார்ந்து முழுசாகப் படி.

போன மாதம் எங்கள் கிடங்கில் தீப்பிடித்தது. யாரும் சாகவில்லை, பதறாதே, ஆனால் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. அந்தக் கூரையில் எட்டுக் கதவுகள் இருக்குமே, தீப்பிடித்தால் புகை வெளியே போவதற்கு, சின்ன வயதில் நீ அண்ணாந்து எண்ணுவாய். இரண்டு வருஷம் முன்னால் மழை அதன் வழியாக மெத்தைகள் மேல் சொட்டியது என்று முதலாளி தவ்ஃபீக் ஹாஜியார் எட்டையும் தார் பூசி அடைத்துவிட்டார். ரப்பர் பட்டையை மாற்றினால் போதும் என்று நான் தொண்டை கிழியச் சொன்னேன், ஸ்டோர் கீப்பர் பேச்சை யார் கேட்டார்கள். அப்புறம் இன்சூரன்ஸ்காரர்கள், சூடு பட்டால் தானாகத் தண்ணீர் கொட்டும் ஸ்பிரிங்க்ளரைக் கூரையடியில் போட்டே ஆகவேண்டும் என்று நெருக்கினார்கள். ஈனாஸ் என்று ஒரு பொறியாளர் பெண் துனிஸிலிருந்து வந்து நாள் முழுக்க அளந்தாள். பழைய கட்டடம், தண்ணீர் அழுத்தம் போதாது, ஃபோம் மெத்தையைக் கூரை வரை அடுக்கவேண்டுமென்றால் பெரிய தொட்டியும் பம்பும் வேண்டும், இல்லாவிட்டால் மூன்றரை மீட்டருக்கு மேல் அடுக்கக்கூடாது என்று தெளிவாகச் சொன்னாள். ஹாஜியார் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டார். குழாய்கள் வந்தன, சுவரில் மூன்றரை மீட்டரில் ஒரு மஞ்சள் கோடும் வந்தது.

கூரைக் கதவுகளைப் பற்றியும் அவள் சொன்னாள். தீ ஆரம்பித்த உடனே அவை தானாகத் திறந்துவிட்டால் சூடெல்லாம் மேலே போய்விடும், சூடு பட்டால்தானே ஸ்பிரிங்க்ளர் திறக்கும், நேரத்தில் வேலை செய்யாது, அதனால் தண்ணீர் முதலில் கொட்டட்டும், பிறகு தீயணைப்பு ஆட்கள் வந்து கீழிருந்து கைப்பிடியை இழுத்துத் திறக்கட்டும், தாரைச் சுரண்டி கைப்பிடியைச் சரிசெய்யுங்கள் என்றாள். ஹாஜியார் காதில் பாதிதான் விழுந்தது. மறுநாள் நான் தாரைச் சுரண்ட ஆள் கேட்டபோது, "ஏம்மா ஜலீலா, எஞ்சினியரே அது திறக்க வேணாம்னுட்டா, உனக்கென்ன?" என்கிறார். தானாகத் திறக்கவேண்டாம் என்றுதானே சொன்னாள் ஹாஜியாரே, திறக்கவே வேண்டாம் என்றா சொன்னாள் என்று கேட்டதற்கு, "நீ என் கிடங்குக்கு ஸ்டோர் கீப்பரா, இல்ல தண்ணிக் குழாய்க்கு வக்கீலா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள், அதுதான் சுட்டது.

கோடைக் கல்யாணங்கள் வருகின்றன என்று ஏப்ரலிலேயே சரக்கு குவிந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி, குழாயைத் தொடுமளவுக்கு அடுக்கினார்கள். நான் மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், மூன்றையும் ஹாஜியார் மடித்துத் தன் மேஜைக்குள் போட்டார்.

தீப்பிடித்த அன்று காலை பதினோரு மணி இருக்கும், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குச் சார்ஜ் போடும் மூலையில் பொறி கிளம்பி பக்கத்து மெத்தை அடுக்கில் பிடித்துக்கொண்டது. சூட்டில் ஸ்பிரிங்க்ளரின் கண்ணாடிக் குமிழ் உடைந்து தண்ணீர் கொட்டத்தான் செய்தது, ஆனால் மேல் மெத்தையிலேயே பட்டுச் சிதறியது, அடியில் எரிந்த இடத்துக்கு எங்கே போய்ச் சேரும்? பக்கத்து வரிசைக்குத் தாவாமல் பார்த்துக்கொண்டது, அவ்வளவுதான். புகைக்குப் போக வழியில்லை, கூரையில் முட்டிக் கீழே இறங்கி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. ஆட்களை எண்ணினால் ஃபெர்ஜானி இல்லை, நம் தெரு முனை வீட்டு ஃபோர்க்லிஃப்ட் டிரைவர், மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன். நான் பின்வாசலில் மண்டியிட்டு இரும்புக் கம்பியால் ஷட்டரை அடித்துக்கொண்டே "ஃபெர்ஜானி, சத்தம் வர்ற பக்கம் வா, தரையோட தரையா வா!" என்று கத்தினேன். தீயணைப்பு ஆட்கள் வந்து கைப்பிடிகளை இழுத்தார்கள், ஒன்றுகூட அசையவில்லை. "எந்த மடையன்யா இதுக்குத் தார் பூசினான்?" என்று அவர்கள் தலைவன் கத்தினான், ஹாஜியார் பக்கத்தில்தான் நின்றார். கூரைமேல் ஏறி இரண்டு கதவுகளை ரம்பத்தால் அறுத்த பிறகுதான் புகை மேலெழும்பி வெளியேறியது. ஷட்டருக்கு நாலு எட்டு தூரத்தில் ஃபெர்ஜானி குப்புறக் கிடந்தான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில், இன்னும் குரல் முழுசாக வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஹாஜியார் இன்சூரன்ஸுக்கு ஒரு காகிதம் தயார் செய்து, சரக்கு மஞ்சள் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "இருவது வருஷம் என் உப்பைத் தின்னவ, ஒரு கையெழுத்துக்கு யோசிக்கிறியே" என்றார். நான் அதன் பின்பக்கத்திலேயே நடந்ததை எழுதி, மூன்று கடிதங்களும் எந்த மேஜையில் இருக்கின்றன என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேரே இன்சூரன்ஸ் ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் முதல் வேலைக்கு வரவேண்டாம் என்று ஆள் அனுப்பினார். அன்று கேட்டுச் சிரித்தவர்களில் ஒருவர்கூட என் பக்கம் பேசவில்லை. ஃபெர்ஜானி மட்டும் பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஆபீஸ் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க நின்று, என் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டு வந்தான். கிடங்கு இப்போது சீல் வைத்துக் கிடக்கிறது. வாப்பா என்னைத் திட்டவில்லை, "இனிமே வீட்டுல என்னை ஆட்டிப் படைப்பே" என்று மட்டும் சொன்னார்.

நீ வேலை செய்வதும் கிடங்கில்தான். அங்கெல்லாம் சரியாக இருக்கும் என்று நீயாகச் சொல்லாதே. நாளைக்கு அண்ணாந்து பார், சரக்குக்கும் ஸ்பிரிங்க்ளருக்கும் நடுவில் ஒரு கை நீளமாவது இருக்கிறதா, கூரைக் கதவைத் திறக்கும் கைப்பிடி எங்கே, அதன் முன்னால் பெட்டி அடுக்கியிருக்கிறார்களா. கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உன்னைக் கப்பலேற்றும்போது, வெளியூர், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்று சொன்னவள் நான்தான். அந்தப் புத்திமதியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் மகனே, வாயைத் திற.

கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பார்த்து எழுது. அல்லாஹ் உன்னைக் கண் இமைபோலக் காக்கட்டும், உன் மூச்சுக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் உம்மா
ஜலீலா