ஆறு புள்ளி ஒன்பது எட்டு

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இருப்பதை உன் வருகை அறிக்கையின் நான்காவது வரியில் படித்துத் தெரிந்துகொண்டேன். 'உடல்நலம்: நன்று' என்று எழுதியிருந்தாய். கையெழுத்துதான் முன்பைவிடச் சின்னதாகியிருக்கிறது.

பரிமாற்றப் படிப்புக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த பத்து நாளுக்குள் அந்த அறிக்கையைப் பல்கலைக்கழகத்தில் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பதினோரு பேரில் நீதான் கடைசி. ஒன்பதாம் நாள் வந்தது. பக்கத்து மேசைப் பெண் அதைப் பதிவு செய்தாள். பிறகு என் மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டாள். அவள் திரும்புவதற்குள் உன் விடுதி முகவரியை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அலுவலகத் தாளில் இருக்கும் தகவலைச் சொந்தக் காரியத்துக்கு எடுக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. எனக்கும் வேறு வழி தெரியவில்லை. தொலைபேசியில் உனக்கு அனுப்பியதெல்லாம் ஒற்றைக் குறியோடு, உன்னைச் சேராமல் நின்றுகொண்டிருக்கிறது.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. லிஃப்ட்டைச் சரிபார்த்துவிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் மட்டும் அதை நம்பாமல் இன்னும் படியேறித்தான் போகிறார். வாஷிங் மெஷின் நிறைய இப்போது பத்து நாளாகிறது. பாதி நிறைந்ததும் ஓட்டலாம்தான், ஆனால் குறைந்த துணியோடு ஓடினால் அது போடுகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரரிடம் பாதி ரொட்டி கிடைக்குமா என்று கேட்டேன். "மீதிப் பாதியை நான் யார் தலையிலம்மா கட்டறது?" என்று சிரித்தார். முழுசாகவே வாங்கி வந்தேன்.

நீ புறப்பட்ட தேதி எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். பயணப் பட்டியலைத் தட்டச்சு செய்ததே நான்தான். காலை பத்தேகாலுக்குப் பல்கலைக்கழக வேன் எங்கள் அலுவலக ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது. மற்றப் பிள்ளைகளைச் சுற்றி அவரவர் வீட்டு ஆட்கள். நீ தனியாக நின்று பெட்டியின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். கீழே வரலாம் என்று படிக்கட்டு வரைக்கும் வந்தேன். அத்தனை பேர் முன்னால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது நம் இரண்டு பேருக்கும் ஆயுசுக்கும் மறக்காது என்று தோன்றியது. திரும்பிப் போய் ஜன்னலோரம் நின்றேன். நீ மேலே பார்க்கவில்லை. நான் எந்த ஜன்னலில் இருப்பேன் என்று உனக்குத் தெரியும். அதனால், பார்க்காமல் இருந்ததும் ஒருவகையில் என்னை நினைத்ததுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

இந்தத் தடவை உன் விண்ணப்பத்தை நான் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்து, பக்கத்து மேசைக்கு மாற்றியிருந்தேன். ஆனாலும் அவள் ஒரு சந்தேகம் கேட்க வந்தாள். "அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்ங்கிற இடத்துல உங்க பேரு இல்லையே மேடம், மாத்தி எழுதிட்டானா?" என்றாள். சித்தியின் பெயர் இருந்தது. "சரியாத்தான் எழுதியிருக்கான். அவதான் சீக்கிரம் போனை எடுப்பா" என்றேன். உண்மையும் அதுதான். உன் சித்தி தூக்கத்தில்கூடப் போனைக் கையில் வைத்திருப்பவள்.

பழசை இதில் எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒரே ஒரு தடவை என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நீ விண்ணப்பித்தபோது அரியர் இல்லை. இரண்டு ஆசிரியர்களின் கடிதமும் மருத்துவச் சான்றும் இருந்தன. பாஸ்போர்ட்டும் போதுமான காலத்துக்குச் செல்லுபடியாக இருந்தது. சராசரி ஏழு வேண்டும். உன்னுடையது ஆறு புள்ளி ஒன்பது எட்டு. அதற்கு முந்தின வருடம்தான் ஆறு புள்ளி ஒன்பது ஏழோடு ஒரு பெண் வந்தாள். அவளோடு அவள் அப்பாவும் வந்தார். பேருந்து ஓட்டுகிறவர், வேலைச் சட்டையோடேயே வந்திருந்தார். "தூசி அளவுதானே மேடம்" என்று கெஞ்சினார். முடியாது என்று அனுப்பினேன். அப்படியிருக்க, என் பிள்ளைக்கு மட்டும் எப்படி 'தகுதி உண்டு' என்று எழுதுவேன்? அன்றும் உன்னிடம் இதைத்தான் சொன்னேன். நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டாய். அடுத்த வாரமே விடுதிக்குப் போய்விட்டாய்.

பிள்ளைகள் எனக்குப் 'பாயின்ட் மேடம்' என்று பெயர் வைத்திருப்பதை நீதான் ஒரு நாள் வந்து சொன்னாய். வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்போது நீ முதல் வருடம்.

அங்கே குளிர் அதிகம் என்று செய்தியில் பார்த்தேன். காதை மூடிக்கொண்டு வெளியே போ. பதில் எழுதியே ஆக வேண்டும் என்று இல்லை. இந்தக் கடிதம் திரும்பி வராவிட்டால், உன் கைக்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வேன்.

உன்
அம்மா

* * *

அன்பு மகனுக்கு,

உன் உறை நேற்று வந்தது. அலுவலகத்துக்கு இல்லை, வீட்டுக்கு. கையிலிருந்த காய்கறிப் பையைத் தபால் பெட்டிக்குக் கீழேயே வைத்துவிட்டு மாடிக்கு வந்துவிட்டேன். மூன்றாம் மாடிக்காரர்தான் படியேறி வரும்போது எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்.

உள்ளே நீட்டிப்புப் படிவம், அதோடு ஒரு சின்னத் தாள். 'அம்மா, இரண்டாம் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள்.' மொத்தம் ஏழு வார்த்தை. மற்ற ஆறும் எனக்குத் தெரிந்த சமாசாரம். முதல் வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றரை வருடமாகிறது, உன் கையால் அதைப் பார்த்து.

கையெழுத்து போட்டுவிட்டேன். படிவம் இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே எழுதப்போவதையெல்லாம் பேரம் என்று நினைப்பாய். இன்னும் ஒரு வருடம் தங்க என்னென்ன வேண்டுமோ எல்லாம் உன்னிடம் இருக்கிறது. பெற்றோர் சம்மதம் ஒன்றுதான் பாக்கி, அதுவும் ஆயிற்று. அங்கே நீ வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தேன். யாரும் தயவு காட்ட வேண்டாத மதிப்பெண்.

போன கடிதத்தில் அந்தப் பேருந்து ஓட்டுநரின் மகளைப் பற்றி எழுதினேன். அதில் பொய் இல்லை. ஆனால் முழுசும் இல்லை.

உன் விண்ணப்பம் என் மேசைக்கு வந்த அன்று சாயங்காலம் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். "புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம் வரைக்கும் பாக்கணும்னு விதியில எங்கயும் இல்லையேம்மா. ஏழுன்னு எடுத்துக்கிட்டா யாரும் கேக்கப் போறதில்ல. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் கையெழுத்து போடறேன்" என்றார். அவர் சொன்னது சரி. விதியில் 'ஏழு' என்று மட்டும்தான் இருக்கிறது. புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரை பார்ப்பது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானாக ஆரம்பித்த பழக்கம். "வேண்டாம் சார்" என்றேன். அதன் பிறகு அவர் போகிற இடமெல்லாம் என்னை நேர்மையான ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கூப்பிடுவதற்கு முன்னால் நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும். உன் மதிப்பெண்களைக் கால்குலேட்டரில் இரண்டு தடவை போட்டேன். இரண்டு தடவையும் ஆறு புள்ளி ஒன்பது எட்டு. ஐயோ, பிள்ளை மனம் விட்டுப்போவானே என்று தோன்றியிருக்க வேண்டும். அது பிறகுதான் தோன்றியது. முதலில் தோன்றியது அப்பாடா என்றுதான். இவன் எங்கேயும் போகப் போவதில்லை என்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அந்த ஒரு மூச்சுக்கு அப்புறம்தான் விதி, நியாயம், அந்தப் பெண் எல்லாம் வந்து வரிசையில் நின்றார்கள். நான் அவர்களைப் பிடித்துக்கொண்டேன்.

உன் அப்பா இறந்தபோது உனக்கு எட்டு வயது. அதிலிருந்து அந்தச் சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தது நீ ஒருவன்தான். நாற்காலி காலியாகிவிடும் என்ற பயம் எனக்குள் அவ்வளவு இருந்தது என்று அன்று வரைக்கும் எனக்கே தெரியாது. கடைசியில் அது காலியாகத்தான் செய்தது. பத்து நாள்கூட ஆகாமல் நீ விடுதிக்குப் போய்விட்டாய்.

டைரக்டர் கூப்பிட்டதற்கு மறுநாள் காலை நடந்தது அதைவிட மோசம். உனக்கு இரண்டு முட்டை பொரித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தேன். "இன்னிக்கு லிஸ்ட் போட்டுடுவாங்களாம்மா?" என்று கேட்டாய். "போட்டுடுவாங்க, நல்லா சாப்பிடு" என்றேன். நீ அறிவிப்புப் பலகை முன்னால் எல்லாரோடும் முட்டி மோதிக்கொண்டு உன் பெயரைத் தேடியிருக்கிறாய். என் பேனாவால் எழுதிய பட்டியலில். உனக்குக் கோபம் அதற்குத்தான் என்று நினைக்கிறேன். எனக்கும் என்மேல் அதற்குத்தான்.

போன மாதம் அந்த ஓட்டுநர் மகளின் எண்ணைப் பழைய கோப்பில் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். பார், இரண்டாவது தடவையும் விதியை மீறியாயிற்று. அவள் படிப்பை முடித்து ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். நான் யாரென்று சொன்னேன். அன்றைக்கு முடியும் என்று சொல்லியிருக்கலாம், நான்தான் சொல்லவில்லை என்றேன். "எனக்கு ஞாபகம் இருக்கு மேடம். எங்கப்பா பேசிக்கிட்டே இருந்தாரு, நீங்க பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்ல" என்றாள். பிறகு, கடையில் ஆள் நிற்கிறார்கள் என்று வைத்துவிட்டாள். இனிமேல் சராசரியைப் புள்ளிக்கு அப்புறம் ஒரே இலக்கமாக முழுமையாக்கிப் பார்க்க வேண்டும் என்று இந்த மாதக் கூட்டத்துக்குக் குறிப்பு எழுதி வைத்தேன். டைரக்டர் படித்துவிட்டு, "அன்னிக்கு நான் சொன்னதும் இதுதானேம்மா" என்றார். ஆமாம் சார் என்றேன். கூட்டத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். உனக்கும் அவளுக்கும் இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொன்று. திங்கட்கிழமை ஒரு தையல்காரர் கவுன்டருக்கு வந்தார். அவர் மகனும் உன்னைப் போல நீட்டிப்புக் கேட்டிருக்கிறான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் கையெழுத்து போடலேன்னா நின்னுடும் இல்லீங்களா?" என்று கேட்டார். "நின்னுடும். பையன் திரும்பி வருவான். ஆனா உங்ககிட்ட வருவான்னு சொல்ல முடியாது" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படிவத்தை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். படிவத்தை மடிக்கக் கூடாது என்று சொல்ல வாய் வரவில்லை. இன்னும் அது எங்களுக்கு வரவில்லை.

இப்போதெல்லாம் வேலை முடிந்தும் அலுவலகத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். "ஒரு நாள் உங்களை உள்ள வெச்சே பூட்டிட்டுப் போயிடப் போறேன் மேடம்" என்று காவலாளி மிரட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமைதான் நீளமாக இருக்கிறது. பயப்படாதே, சித்தி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போகிறாள். அவற்றைத் தேடுவதிலேயே எனக்குப் பாதிப் பொழுது போய்விடுகிறது.

மன்னிப்புக் கேட்டு எழுதினால் நீ பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். அதனால் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதிவிட்டேன். உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்புக்கு முடியவில்லை என்றால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல், என்னை மாதிரி உள்ளே வைத்துக்கொள்ளாதே. உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும். நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நிபந்தனைகள் இருக்கின்றன. யாரும் படிப்பதில்லை, நீயும் படித்திருக்க மாட்டாய். ஒன்பதாவது நிபந்தனையை மட்டும் இங்கே எழுதுகிறேன்: நீட்டிப்புப் பெற்ற மாணவர், பட்டம் பெறுவதற்கு முன் கடைசிப் பருவத்தைச் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி வந்து முடிக்க வேண்டும். எத்தனையோ விதிகளைத் தளர்த்தச் சொல்லி ஆட்கள் மனுவோடு வருகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் தொடாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

உன்
அம்மா