நின்றால் ஒரு கோடு

அன்புள்ள வாலுக்கு,

நீயும் பொடிசும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். எந்தக் கடிதத்திலும் எழுதுகிற வரிதான் இது. ஆனால் இந்த முறை எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போகவே கொஞ்ச நேரம் ஆனது.

நீ போனை எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளையும் திறப்பதில்லை. அதனால் உங்கள் பயிற்சி முகாமுக்குத் திரும்பும் பிசியோ அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ பிரித்துப் படிக்கும்வரை இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. கோபம் எல்லாம் என்மேலேயே இருக்கட்டும்.

இங்கே வீட்டில் எல்லாரும் நலம். அவருக்கு முதுகுவலி குறைந்துவிட்டது. வலி குறைந்ததும் வாய் கூடிவிட்டது. நான் சமைப்பதற்கெல்லாம் மார்க் போடுகிறார். போட்டியில் நான் மார்க் வெட்டுகிற மாதிரியே உப்புக்கு ஒரு கோடு, காரத்துக்கு ஒரு கோடு என்று என்னையே கிண்டல் செய்கிறார். நேற்று சிரிப்பு வரவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதணும்னா எழுதிடு, இப்படி அடுப்பையே முறைச்சுக்கிட்டு நிக்காதே என்றார். அதனால்தான் உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரும் ஜிம்னாஸ்டிக்ஸ் இறுதிப் போட்டியில் பீமுக்கு, நம் கையகலக் கட்டைக்கு, நான் நடுவராக உட்காரப் போவதில்லை. பொடிசுக்கு நீ அம்மா மட்டுமல்ல, கோச்சும்கூட; நடுவர் நாற்காலியில் இருப்பவள் கோச்சுக்கு இப்படி எழுதக் கூடாது என்பது உனக்கும் தெரியும். எழுதுவதா, உட்காருவதா என்று வந்தபோது நாற்காலியை விட்டுவிட்டேன். அதற்கு முன் தலைமை நடுவரிடம் போய், அந்தப் பெண் பீமில் ஆபத்தாகப் போகிறாள், யாராவது கேட்கக் கூடாதா என்று கெஞ்சினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முன்னாடி நின்னு நின்னு போனா, மார்க் குறைஞ்சுது. இப்ப நிக்காம போறா, மார்க் ஏறுது. இதுல புகார் என்னம்மா, நல்லா பண்றதுக்கா புகார் என்றார். உடம்பு ஆடினால் மார்க்கில் வெட்டு உண்டு, முழங்கால் மடங்கினால் உண்டு, விழுந்தால் முழுசாக ஒன்று போகும். பயத்துக்கு என்று ஒரு விதியும் இல்லை. அவர் கேட்டதில் தப்பு கண்டுபிடிக்க முடியாமல் வெளியே வந்தேன்.

தேர்வுப் போட்டி முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் நீ என்னை மறித்துக் கேட்டது நினைவிருக்கும். என் பிள்ளை நின்னா கோடு, நடந்தா கோடு, மூச்சு விட்டாலும் கோடாடி என்று கேட்டாய். பக்கத்து வண்டியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நடுவர் குரலிலேயே, நின்றால்தான் கோடு, நிற்காமல் போனால் கோடு இல்லை என்றேன். விதியைச் சொன்னேன். அசைவுக்கு முன் இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்கு போகும். அதற்கு மேல் அந்த வார்த்தையில் ஒன்றும் இல்லை. நீ அதை மருந்துச்சீட்டு மாதிரி வாங்கிக்கொண்டு போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த போட்டியில் பொடிசு நிற்கவில்லை. கடைசியில் பின்பக்கமாகப் போடும் குட்டிக்கரணத்துக்கு முன்னால் வழக்கமாக இரண்டு கையையும் காதோடு ஒட்டித் தூக்கி, பீமின் முனையைப் பார்த்து, உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்துவிட்டுத்தான் போவாள். என் கை தாளைப் பார்க்காமலே கோடு போடத் தயாராக இருந்தது. அவள் கை மேலே போனது, நீ இருமினாய், உடனே போய்விட்டாள். அன்று உனக்குச் சளி இல்லை, இருமலும் இல்லை. சைகை காட்டினால் அதற்கும் வெட்டு உண்டு என்று உனக்குத் தெரியாதா? நான் வெட்டவில்லை. இருமலுக்கு எப்படி வெட்டுவது என்று பக்கத்து நடுவரும் என் முகத்தைப் பார்த்தார்.

ஆனால் அந்தக் கணத்தில் நான் பார்த்தது வேறு. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் அவள் முகம் தெரியும். தலைகீழாக இருக்கும்போது எந்தப் பெண்ணின் கண்ணும் பீமைத் தேடும். இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், தேடாத கண்ணை நான் பார்த்ததில்லை. பொடிசு கண்ணை மூடியிருந்தாள். இறங்கியபோது ஒரு குதிகால் பாதி வெளியே இருந்தது. கை ஆடவில்லை, உடம்பு ஆடவில்லை. அதனால் நானும் ஒன்றும் எழுதவில்லை. மார்க் பலகையில் அவள் பெயர் முதலில் வந்தது. நீ இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாய்.

போட்டி முடிந்து கழிவறைக்குப் போனால், அவள் வாஷ்பேசினை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மேடம், இன்னைக்குக் கோடு போடலைல்ல என்றாள். இல்லம்மா என்றேன். தேங்க்ஸ் என்றாள். ஆனால் பேசினிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னம்மா என்றேன். ஒண்ணுமில்ல, தரை கொஞ்சம் நிக்கட்டும்னு இருக்கேன் என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் கதவைச் சாத்திவிட்டு அவள் முதுகில் கை வைத்ததும் மேடம் போய்ப் பெரியம்மா வந்துவிட்டது. மேல போனதும் கீழ எதுன்னே தெரியல பெரியம்மா. கண்ணைத் திறந்தா இன்னும் குழம்புது, அதனால மூடிக்கிறேன். காலு தானா தேடிக்குது. இதுவரைக்கும் கிடைச்சிடுச்சு என்றாள்.

இதுவரைக்கும் கிடைச்சிடுச்சு. இந்தச் சொல்லை அன்றிலிருந்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருக்கிறேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். அம்மா பாவம் பெரியம்மா, இப்பதான் சிரிக்கிறாங்க, நீங்களும் சொல்லிடாதீங்க, நான் சரி பண்ணிடுவேன் என்றாள். சரி என்று தலையாட்டினேன். இப்போது அந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை உடைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெரியவள் ஆனதும் என்னைத் திட்டட்டும். திட்டுவதற்கு அவள் நன்றாக இருந்தால் போதும்.

வாலு, இந்த ஒரு வருஷத்தில் அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று நின்று பார்த்தாயா? தினமும் கூடவே இருப்பதால் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். போன வருஷம் என் காதுவரை நின்ற பிள்ளை, அன்று கண்ணாடியில் என் தலைக்கு மேலே தெரிந்தாள். கை வளர்ந்துவிட்டது, கால் வளர்ந்துவிட்டது. காற்றில் சுழலும்போது உடம்பு தன்னைத் தானே அளந்துகொள்ளும் கணக்கு ஒன்று இருக்குமே, அது பழைய உடம்பின் கணக்கு. அதைப் புதிதாகப் போடத்தான் அவள் அங்கே நின்றாள். பீம் எங்கே, நான் எங்கே, முனை எங்கே என்று ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதி செய்துகொண்டு போனாள். சோம்பலும் இல்லை, பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் கோடு போட மட்டும்தான் அனுமதி. ஏன் நிற்கிறாள் என்று கேட்கும் உரிமை அந்தக் கூடத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது. அவள் இருமினாள்.

கடுமையாக எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம், இருக்கட்டும்.

கடைசியாக நீ போனை எடுத்தபோது, பெத்தவ நான் இருக்கேன், நீ கோடு போடுற வேலையைப் பாரு என்று சொல்லி வைத்துவிட்டாய். எனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னாய். வலித்தது. ஆனால் அதற்கு மேல் உன்மேல் கோபமாக இருக்க எனக்கு இப்போது அவகாசம் இல்லை. பெறாதவளுக்கு என்ன பதற்றம் என்று நீ நினைத்தால், அப்படியே நினைத்துக்கொள். பெற்றவளுக்கும் சேர்த்து நான் பதறிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

உனக்கு ஏன் அந்தப் பத்தில் ஒன்று இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று எனக்குத் தெரியாதா? உன் காலத்தில் அணியில் கடைசி இடம் உன் கையைவிட்டுப் போனதே அந்தப் பத்தில் ஒன்றில்தான். அன்று பேருந்தில் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு ஊர் வரும்வரை சாய்ந்திருந்தாய். இறங்கும்போது, ஒரு தடவை தடுமாறினேன்டி, ஒரே ஒரு தடவை என்றாய். அந்தப் பாக்கியை நீ பொடிசிடம் வசூலிப்பதாக நான் சொல்லமாட்டேன். நீ அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்கு அந்த மாதிரி ஒரு பேருந்துப் பயணம் வந்துவிடக் கூடாது என்றுதான் இப்படி விரட்டுகிறாய். ஆனால் வாலு, அந்தப் பேருந்தில் நீ உட்கார்ந்து வந்தாய். உன் காலில் நடந்து இறங்கினாய். அதை மறந்துவிடாதே.

இறுதிப் போட்டியில் என் நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். பொடிசு நிற்கட்டும். எத்தனை விநாடி வேண்டுமானாலும் நிற்கட்டும். அவர்கள் கோடு போட்டால் போடட்டும். அல்லது அந்தக் குட்டிக்கரணத்தையே எடுத்துவிடு; நடந்து, திரும்பி, ஒரு சின்னத் தாவல் தாவி, சிரித்துக்கொண்டு கீழே இறங்கட்டும். கடைசி இடம் வரட்டும். கூடம் முழுக்க உச்சுக் கொட்டட்டும். எந்தப் பெரிய அணிக்கும் அவள் போகாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் நான் கூட வருகிறேன். இங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசுவார்.

என்னிடம் நீ பேசவே வேண்டாம். இனி ஒருநாளும் பேச வேண்டாம் என்றாலும் சரி. அதற்கும் நான் தயாராகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஒரு காரியம் மட்டும் செய். இதைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வை. பயிற்சிக் கூடத்தில் வேண்டாம், உங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போ. கோச்சாக இல்லாமல் அம்மாவாக, மேலே போனதும் கீழே எது என்று தெரிகிறதா கண்ணு என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவள் உடனே தெரியும்மா என்பாள். அதை நம்பாதே. இன்னும் கொஞ்சம் சும்மா இரு. அவள் பேச எவ்வளவு நேரம் ஆனாலும், நீயாக வாயைத் திறக்காதே.

பிள்ளை நூறு வயது நன்றாக இருக்கட்டும். நடந்து, ஓடி, கிழவியாகி, நம் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டு இருக்கட்டும்.

உன் பதிலுக்கு இல்லை, அவள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் பழைய பேருந்துத் துணை