பார்க்காமல் நான் சொன்ன ஒரு ‘போ’

என் பாசத்துக்குரிய சண்டைக்காரா, செந்தில் அண்ணா,

மாரடைப்பில் நீ போய் நாலு மாசம் ஆகிவிட்டது. ஹூஸ்டனில் வெயில் இன்னும் குறையவில்லை. உன் மகள் யாழினி லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஆனால் கார் ரேஸில் இரண்டு முறை சாம்பியனானவன் பெற்ற பெண்ணுக்கு ஃப்ரீவேயில் ஏறப் பயமாம்! தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டு காலேஜ் போகிறாள். கேட்டிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் நீ. வாரமெல்லாம் ஆபீஸ், சனிக்கிழமையானால் ஸ்டாக் கார் ரேஸ். முதல் வருஷம் உன்னை ஒருத்தரும் மதிக்கவில்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியதற்கு, டிராக்கைக் குப்பையாக்குகிறாய் என்று புகார் வேறு. அடுத்த வருஷம் பழத்தைப் பார்க்கிங்கிலேயே நசுக்கிவிட்டு வந்து சாம்பியன் ஆனாய். அதற்கு அடுத்த வருஷமும் நீதான். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

அந்த வண்டியில் உட்கார்ந்தால் பக்கத்தில் வருகிறவன் சரியாகத் தெரியாது. கேலரியின் உச்சியில் நின்று ஒருவர் ரேடியோவில் சொல்லவேண்டும். ஸ்பாட்டர் என்பார்கள். உனக்கு அது நான். “வெளிப்பக்கம் ஒருத்தன் இருக்கான்... இன்னும் இருக்கான்... யாருமில்ல, போ!” நம் ரேடியோவை ஒட்டுக்கேட்ட மற்ற டீம்கள் தமிழ் புரியாமல் திருதிருவென்று முழிக்கும்.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை. இங்கே சாயங்காலம், ஊரில் ஞாயிறு விடிகிற நேரம். ஆறு சுற்று பாக்கி இருக்கும்போது அம்மா வீடியோ காலில் கூப்பிட்டாள். “கண்ணு, அண்ணன் எத்தனாவதா வர்றான்?” போனைத் திருப்பி உன் வண்டியைக் காட்டினேன். போன் திரையைப் பார்த்துக்கொண்டே, டிராக்கைப் பார்க்காமலே, “யாருமில்ல, போ” என்றேன். நீ நம்பித் திரும்பினாய். அங்கே ஒருவன் இருந்தான்.

சுவரில் மோதி உன் தோள்பட்டை நொறுங்கியது. ரேஸ் அதோடு சரி. ஆஸ்பத்திரியில் கேட்டவர்களிடம் எல்லாம், “வசந்தி இருன்னுதான் சொன்னா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றாய். ரேடியோவில் நாம் தமிழில் பேசியதால் உன்னை மறுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் நீ முடங்கிப்போகிற ஆளா? லோக்கல் சேனலில் ரேஸ் வர்ணனை செய்ய மைக்கைப் பிடித்தாய். நெருக்கமான ஓட்டம் வந்தால் இங்கிலீஷ் பறந்துபோய் “அடேங்கப்பா!” என்று கத்துவாய். கேலரியில் தொப்பி போட்ட டெக்ஸஸ்காரர்களும் சேர்ந்து “அடேங்கப்பா” என்பார்கள். எந்த விபத்தையும் மூன்று தடவை போட்டுப் பார்க்காமல் யாரையும் குறை சொல்ல மாட்டாய். “தப்புப் பண்ணுனவனும் வீட்டுக்குப் போய் உக்காந்து சாப்பிடணுமில்ல?” என்பாய்.

உள்ளதை உள்ளபடி பேசுகிற மனுஷன் என்று எல்லாரும் உன்னைக் கொண்டாடினார்கள். உன் விபத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் எட்டு வருஷமாக அதே பொய். ஏன் அண்ணா? ஒரு நாளாவது என்னைத் திட்டித் தீர்த்திருக்கக் கூடாதா?

வரும் சனிக்கிழமை சேனலில் உனக்கு அஞ்சலி நிகழ்ச்சி. ‘தப்பு என்னுடையது’ என்று நீ சொல்லும் பழைய வீடியோவையும் போடுகிறார்கள். உன் நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பேசச் சொல்கிறார்கள். அந்தப் பொய்க்கு இன்னொரு தடவை தலையாட்ட என்னால் முடியாது. அம்மாவிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று நேற்றுக் கூப்பிட்டேன். “அண்ணன் மேல தப்பில்லம்மா, நான் பாக்கவே இல்ல” என்று அழுதுவிட்டேன்.

“தெரியும் கண்ணு. போன்ல நானுந்தான இருந்தேன்? நீ ‘போ’ன்னது காதுல வுழுந்துச்சு. ‘என்னாலதான் இப்படி ஆச்சு’ன்னு அவன்கிட்ட அழுதேன். ‘வசந்திகிட்ட மூச்சு வுட்றாதம்மா, அவ தாங்க மாட்டா’ன்னுட்டான்” என்றாள் அம்மா.

அப்படியென்றால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பழியைச் சுமந்தாயா? சுமந்துகொண்டேதான் ஊரைச் சிரிக்க வைத்தாயா? கோப்பையோடு நின்ற அன்றைவிட இன்று நீ எனக்குப் பெரியவனாகத் தெரிகிறாய், அண்ணா.

“போய்ச் சொல்லு சாமி, என்னையும் சேத்தே சொல்லு” என்று அம்மா சொல்லிவிட்டாள். சனிக்கிழமை சொல்கிறேன். எல்லாருக்கும் புரிகிற மாதிரி இங்கிலீஷிலேயே சொல்கிறேன். நீ அவசரப்படவே இல்லை, தங்கை சொன்னதை நம்பித் திரும்பினாய் என்று சொல்கிறேன். என்ன நினைக்கிறார்களோ நினைக்கட்டும். இது உனக்கு நான் தரும் சத்தியம்.

உன் தங்கை,
வசந்தி