சேற்றில் நட்ட ஸ்பூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அங்கே என்னதான் வேலை என்று மறுபடி கேட்டிருந்தீர்கள். சுரங்கத்துக் கழிவுச் சேறு, மேட்டில் ஒரு பெரிய மண்கரைக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கிறது. அதில் ஒரு குவளை எடுத்து, கருவியின் தண்டை இறக்கிச் சுழற்றி, சேறு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளப்பேன். உங்கள் மகளைப் போல முரண்டு பிடித்தால்தான் கரைக்கு நல்லது.

மூன்று வாரமாக அளவு இறங்குகிறது. மேலாளர், "மெஷின் கெட்டுப்போச்சும்மா" என்றார். புதுக் கருவியும் அதே எண்ணைத்தான் காட்டியது.

போன திங்கட்கிழமை ஒரு வேடிக்கை. குவளைச் சேற்றில் டீ ஸ்பூனை நட்டு வைத்தேன்; கம்பம் மாதிரி நின்றது. மதியம் பாறைக்கு வெடி வைத்த அதிர்வில் சேறு தண்ணீராக இளகி, ஸ்பூன் மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

"இதைப் போய் யாருகிட்டயும் சொல்லிட்டிருக்காதீங்க" என்றார் மேலாளர். அன்று சாயங்காலமே தன் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார். எங்கள் குடியிருப்பு கரைக்கு நேர் கீழே இருக்கிறது.

இத்துடன் மடித்து வைத்த தாளில் மூன்று வார அளவுகளும் இருக்கின்றன. வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டுங்கள். அடுத்த மாதம் நீங்கள் இருவரும் இங்கே வர எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். அம்மாவிடம் எனக்கு லீவு இல்லை என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும்.

மதிய வெடிக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. இன்றைய குவளையில் ஸ்பூனை நட்டாயிற்று.

இன்னும் முரண்டு பிடிக்கும்,
உங்கள் மகள்